ஊதாத் துணிக்குப் பின்னால் மாமா

செம்மண்டலம், கடலூர்
22 ஜனவரி 2025

இயேசு மரி சூசை துணை.

சிதம்பரம் வாழ் சகல ஜனங்களுக்கும், குறிப்பாகக் குருமாணவர் இல்லத்தில் செல்போன் இல்லாமல் வாடும் என் மாமன் மகன் சகாய ஆனந்துக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: ஆரோக்கிய ஜெகனாகிய எனக்கு மீசை முளைத்திருப்பது நேற்றுக் காலை பல் துலக்கும் வேளையில் கண்டறியப்பட்டது. இடப்பக்கம் மட்டும். வலப்பக்கம் குறித்து விசாரணை நடந்துவருகிறது. கோயில் மணிகள் ஒலிக்கட்டும்.

மச்சான், உன் இருமல் போனதா? அம்மா கேட்கச் சொன்னாள். இங்கே எல்லோரும் சௌக்கியம், ஒருத்தியைத் தவிர. அவளுக்காகத்தான் இந்தக் கடிதம். வார்டன் ஃபாதர் இதைப் பிரித்துப் படித்தால்: வணக்கம் ஃபாதர், இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மேலே ரத்தக்கொதிப்பு.

நேற்று நம் தெருவின் குட்டிக் கோயிலான அந்தோணியார் கெபியில் உன் அப்பா, அதாவது என் அருமை ஞானராஜ் மாமா, மீன்காரக் குப்பக்காவின் கையிலிருந்த மல்லிகைச் சரத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். கெபி கமிட்டிக்குத் தலைவரானதிலிருந்தே அவர் ஒரு மாதிரி. டிசம்பரில் ஏதோ தியானத்துக்குப் போய்வந்த பிறகு ஜாஸ்தியாகிவிட்டது. பழைய சிமெண்ட் அந்தோணியார் சுரூபத்தை எடுத்துவிட்டு ஃபைபரில் புதுச் சுரூபம் வைத்தார். பீடத்தில் அந்தோணியார் பெயர் சீரகம் அளவு. ‘உபயம்: ஞானராஜ் குடும்பத்தார்’ பரங்கிக்காய் அளவு. அடுத்து, தன் ஹார்டுவேர் கடையிலிருந்தே ஒரு கம்பி கேட், ஒரு பூட்டு. நேற்று இது.

“தே, இது ஒங்க ஊரு அம்மன் இல்ல. பூ போடறது, கால தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறது, எல்லாம் சிலை வழிபாடு. கேட்டுக்கு அந்தாண்ட நில்லு” என்றார்.

குப்பக்கா தலையிலிருந்த கூடையை இறக்கவில்லை. “வாரா வாரம் போடறதுதான சார்” என்றாள். அவ்வளவுதான். திரும்பி நடந்தாள். ஜெபமாலை சொல்ல வந்த கூட்டம் மொத்தமும் வேடிக்கை பார்த்தது. நானும் பார்த்தேன்.

உனக்கு மட்டும் ஒரு ரகசியம். ஆறாவது படிக்கும்போது சில்வர் பீச்சில் அலை இழுத்துப் போக, நான் நீந்தியே கரையேறினேன் அல்லவா? அதற்காக உன் அப்பா சைக்கிள் வாங்கிக் கொடுத்து, பங்கு முழுக்க என் வீரத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தாரே? நான் நீந்தவில்லை. மூழ்கினேன். குப்பக்காவின் வீட்டுக்காரர்தான் என் முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். மூச்சில்லை. என் கழுத்தில் அந்தோணியார் பதக்கத்தைப் பார்த்துவிட்டு, இது வேதக்காரப் பிள்ளை என்று தெரிந்து, குப்பக்கா மணலில் உட்கார்ந்தபடி அந்தோணியாரிடமே பேசினாளாம்: “இந்தப் புள்ள மூச்சு உட்டா, நான் உசுரோட இருக்கிற வரிக்கும் செவ்வாக்கெழம செவ்வாக்கெழம ஒனக்குப் பூ.” விட்டேன். அன்றிலிருந்து ஒரு செவ்வாய் தவறியதில்லை. இது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

ஆக, சாக்கடையில் மிதந்தது என் உயிருக்கான பூ. மாமாவை விட மாட்டேன். ஊர் பார்க்க அவரை மண்டியிட வைக்கிறேன். பழி வாங்குவது என் வேலை. பலி கொடுப்பது உங்கள் டிபார்ட்மெண்ட்.

பழைய ஏற்பாட்டுக் காலத்தில் சிலைகளை வைத்து யார் யார் வம்பு பண்ணினார்கள் என்று எழுது. ஐடியா வேண்டும்.

இடது மீசையுடன்,
ஜெகன்

*

குருமாணவர் இல்லம், சிதம்பரம்
2 பிப்ரவரி 2025

அன்பு ஜெகன்,

ஆண்டவர் புண்ணியத்தில் இருக்கிறேன். இருமல் என்னைவிட நன்றாக இருக்கிறது. அத்தைக்கு என் அன்பைச் சொல். வலப்பக்கத்துக்கும் வாழ்த்து.

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். ‘அந்தப் பூ எனக்காக மாமா’ என்று அப்பாவிடம் ஒரு வரி சொன்னால் முடிந்துவிடுமே?

நீ கேட்ட வம்பு. யூதர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்றை ஃபாதர் சொன்னார். ஆபிரகாமின் அப்பாவுக்குச் சிலைக் கடை. அப்பா வெளியே போன சமயம் பையன் எல்லாச் சிலைகளையும் உடைத்துவிட்டு, சுத்தியலைப் பெரிய சிலையின் கையில் வைத்துவிட்டான். அப்பா வந்து கத்தினார். “இவருதான் ஒடைச்சாரு, கேளுங்க” என்றான். “சிலை எப்படிடா ஒடைக்கும்?” என்றார். “இப்ப நீங்க சொன்னது ஒங்க காதுல வுழுந்துச்சா?” என்றானாம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வெண்கலப் பாம்பு. பாம்பு கடித்தவர்கள் அதைப் பார்த்துப் பிழைக்கட்டும் என்று கடவுளே சொல்லி மோசே செய்தது. பல தலைமுறை போன பிறகு ஜனங்கள் அந்தப் பாம்புக்கே தூபம் போட்டார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார். இரண்டு காலத்திலும் ஒரே பாம்புதான். பார்த்த கண்தான் வேறு. அப்பா குப்பக்காவின் கையைப் பார்த்தார், கண்ணைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? ஜூனில் கொண்டுவந்து விட்டவர், இன்னும் வரவில்லை. பிறந்ததும் பிழைக்க மாட்டேன் என்று டாக்டர் சொன்னபோது, பிழைத்தால் கோயிலுக்கே கொடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டவர். செலுத்திய நேர்ச்சையை யார் திரும்ப வந்து பார்ப்பார்கள், இல்லையா?

ஆனந்த்

*

செம்மண்டலம்
9 பிப்ரவரி 2025

வருங்கால ஃபாதர் மச்சானுக்கு,

இங்கு அனைவரும் நலம், கேட் உட்பட. பூட்டுக்குள் ஃபெவிகுவிக் ஊற்றினேன். மாமா ஒரு மணி நேரத்தில் புதுப் பூட்டு போட்டுவிட்டார். ஹார்டுவேர் கடைக்காரரோடு பூட்டுச் சண்டை போட்டது என் புத்தி.

ஆபிரகாம் நம்ம ஆளு! உலகத்தின் முதல் பிராங்க் அதுதான். உன் பாம்பு சோகமாக இருக்கிறது, அது வேண்டாம்.

மாமாவிடம் ஒரு வரி சொல்வதா? மூழ்கினேன் என்றா? ‘என் தங்கச்சி மவன் சொறா மாதிரி நீந்தினான்’ என்று போன வாரம்கூட உபதேசியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சுறா எப்படியடா வாயைத் திறக்கும்? தவிர, சொன்னால் மன்னிப்புதான் கிடைக்கும். எனக்கு வேண்டியது மன்னிப்பில்லை.

புதுச் செய்தி: கெபி வாசலில் மாமா ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார். ‘சிலைக்கு அல்ல, இறைவனுக்கே மகிமை.’ எழுத்துக்குப் பக்கத்தில் இறைவனைக் காணோம். மாமாதான் கைகூப்பி நிற்கிறார்.

குப்பக்கா விடவில்லை. மாமா சாப்பிடப் போகும் நேரம் பார்த்து வருகிறாள். கேட்டின் ஓரக் கம்பிக்குள் கையை நுழைத்து, அந்தோணியார் காலடியில் பூவை வைத்து, விரல் நுனியால் பாதத்தைத் தொட்டுக்கொண்டு, திருடியைப் போலப் போகிறாள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு வாரமும் என் பல் தேய்கிறது.

ஜெகன்

*

சிதம்பரம்
2 மார்ச் 2025

அன்பு ஜெகன்,

பதில் எழுத நாளாகிவிட்டது. காய்ச்சல். இப்போது பரவாயில்லை. அத்தையிடம் சொல்ல வேண்டாம், அவள் அப்பாவிடம் சொல்வாள். சொன்னாலும் சொல்லட்டும்.

நாங்கள் போகும் பள்ளிக்கூடத்தில், என் வகுப்பில், சிற்றம்பலம் என்று ஒருவன். அவன் வீடு கீழவீதியில். நடராஜர் கோயிலில் ரகசியம் என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன என்று கேட்டேன். திரையை விலக்குவார்களாம், உள்ளே தங்க வில்வ மாலை தொங்குமாம், வேறு ஒன்றும் இருக்காதாம். “ஒண்ணும் இல்லியா?” என்றேன். “இருக்குது, நமக்குத்தான் தெரியல” என்று சிரித்தான். எருசலேமிலும் இப்படித்தான் என்றார் ஃபாதர். ரோமத் தளபதி ஒருவன் ஊரைப் பிடித்து, யூதர்கள் எந்தச் சிலையைத்தான் ஒளித்து வைத்திருக்கிறார்கள் பார்ப்போம் என்று ஆலயத்தின் திரையைத் தள்ளிக்கொண்டு போனான். வெறும் அறை.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வரும் புதன் சாம்பல் புதன். அப்பா ஏதாவது கேட்டாரா?

ஆனந்த்

*

செம்மண்டலம்
9 மார்ச் 2025

என் உயிர் மச்சான்,

காய்ச்சலுக்குக் கஷாயம் குடி, மூளைக்கு ஒன்றும் குடிக்காதே, அது தங்கம். நீ தெரியாமல் எழுதியதில் எனக்கு வழி கிடைத்துவிட்டது!

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறுக்கு முன்னால் எல்லாச் சுரூபத்தையும் ஊதாத் துணியால் மூடுவோம் இல்லையா? ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவில்தான் திறப்போம். நடுவில் இரண்டு வாரம் துணிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உள்ளே ஒன்றும் இல்லாமல் இருக்கலாம் என்றால், மாமாவே இருக்கலாமே!

மாமா அத்தை வெள்ளிவிழாவுக்கு மண்டப வாசலில் நிற்க வைத்தோமே, அட்டை ஒட்டிய ஃபிளெக்ஸ் கட்அவுட், கைகூப்பிச் சிரித்தபடி? ஏறக்குறைய சுரூபத்தின் உயரம்தான். இரண்டு வாரம் மாமா தன் படத்துக்கே மண்டியிடுவார். பாஸ்கா இரவில் விளக்குப் போட்டு, மணியடித்து, துணியை இழுக்கும்போது ஊர் பார்க்கும். யார் சிலை வழிபாடு பண்ணியது என்று அப்புறம் பேசலாம்.

சனிக்கிழமை கெபி கூட்டுவது அம்மா. அன்று சாவி எங்கள் வீட்டில். கட்அவுட் எங்கே இருக்கிறது?

வெறியுடன்,
ஜெகன்

*

சிதம்பரம்
23 மார்ச் 2025

ஜெகன்,

சுகமே.

எங்கள் வீட்டுப் பரண்மேல், கிறிஸ்துமஸ் குடில் பெட்டிக்குப் பின்னால். அம்மா ஞாயிறு காலை பூசைக்குப் போயிருப்பாள்.

அதில் அம்மாவும் பக்கத்தில் நிற்கிறாள். அவளை வெட்டி எடுத்துவிடு. அவள் ஒன்றும் செய்யவில்லை.

ஆனந்த்

*

செம்மண்டலம்
6 ஏப்ரல் 2025

வெற்றித் தோழனுக்கு,

உடல் நலம் முக்கியம், ஏனென்றால் பாஸ்காவுக்கு அடுத்த நாள் நான் எழுதப்போகும் கடிதத்தைப் படிக்க உனக்குத் தெம்பு வேண்டும்.

முடிந்தது மச்சான். நேற்று அம்மா குண்டூசி எடுக்க வீட்டுக்குப் போன இடைவெளியில் காரியம் நடந்தது. காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோணியாரையே காணாமல் அடித்துவிட்டேன். என் மழைக்கோட்டைப் போர்த்தி, பின்னாலிருக்கும் ஸ்டோர் அறையில், மைக்செட் பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக நிற்கிறார். பீடத்தில் மாமா. தட்டையாகத் தெரியக் கூடாதென்று முதுகில் தலையணை கட்டினேன். துணி போட்டதும் அசல் புனிதர்!

மாலையில் மாமா வந்தார், பார்த்தார், “இந்த வருஷம் துணி நல்லா நிக்கிது” என்றார். சிரிப்பை அடக்கியதில் விக்கல் வந்து அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

ஜெகன்

*

சிதம்பரம்
13 ஏப்ரல் 2025, குருத்து ஞாயிறு

ஜெகன்,

இங்கே குருத்து பவனி முடிந்தது. எல்லோர் வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள்.

எடுத்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

ஆனந்த்

*

செம்மண்டலம்
21 ஏப்ரல் 2025

மச்சான் அவர்களுக்கு உயிர்ப்பு ஞாயிறு வாழ்த்துகளும் வெற்றி முழக்கமும்!

ஐயையோ, நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். ஃபாதர் ‘உன்னதங்களிலே’ பாட்டை ஆரம்பிக்க, மணி கணகணவென்று அடிக்க, சீரியல் பல்பு எரிய, மாமாவே தன் கையால் துணியை இழுத்தார். மாமா கும்பிட்டபடி மாமாவைப் பார்த்தார். அப்புறம் ஒரு கிழவர் “ஞானராஜ் உயிர்த்தெழுந்தாருடா!” என்று கத்தினார் பார், கெபியே அதிர்ந்தது. மாமா மைக்கைப் போட்டுவிட்டு ஓடினார். பையன்கள் என்னைத் தோளில் தூக்கினார்கள். குப்பக்கா மூலையில் நின்று கைதட்டினாள். பழி தீர்ந்தது. சுறா சுறாதான்.

அம்மா கொழுக்கட்டை அனுப்பச் சொன்னாள். வழியில் கெட்டுவிடும் என்று நானே தின்றுவிட்டேன்.

மாமனை வென்றான்,
ஜெகன்

*

சிதம்பரம்
28 ஏப்ரல் 2025

ஜெகன்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. படித்தால் சந்தோஷமாக இருக்கும் என்று மூன்று மாதமாக நினைத்திருந்தேன். இல்லை.

நேற்று அப்பா வந்தார். சொல்லாமல் வந்தார். பார்வையாளர் அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று வாட்ச்மேன் வந்து கூப்பிட்டார். ஊர் சிரித்து அனுப்பிய மனிதர், ஒளிய இடமில்லாமல்தான் என்னிடம் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கட்அவுட் எந்தப் பரணில் இருக்கிறது என்று சொன்னவன் நான். எந்த முகத்தோடு போய் எதிரில் உட்கார்வது? ஜுரம் என்று சொல்லச் சொன்னேன். வெகுநேரம் இருந்துவிட்டுப் போனாராம். ஒரு பையில் ஆரஞ்சு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் ஓடியபோது அழுதாரா? அதை மட்டும் எழுது.

ஆனந்த்

*

செம்மண்டலம்
7 மே 2025

மச்சான்,

உன் உடம்பு எப்படி என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

மாமா அழவில்லை. ஓடவும் இல்லை. துணியை இழுத்தபோது அங்கே அந்தோணியார்தான் இருந்தார். யாரும் சிரிக்கவில்லை, என்னை யாரும் தூக்கவில்லை. அன்றைக்கு நான்தான் தூக்கினேன், சனிக்கிழமை காலையில், மழைக்கோட்டோடு அந்தோணியாரைத் திரும்பப் பீடத்துக்கு. நான் எழுதிய அந்தக் கிழவர்கூடக் கற்பனை.

நடந்தது இது. பாஸ்காவுக்கு முந்தைய பெரிய வாரம் செவ்வாய்க்கிழமை மதியம், மாமா தன் படத்தை மண்டியிட்டுக் கும்பிடுவதைக் கண்ணால் பார்க்கலாம் என்று கெபிக்குப் பக்கத்துத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்தேன். மாமா வந்தார். பல்பைத் திருகிப் பார்த்தார். பூட்டை ஆட்டிப் பார்த்தார். மண்டியிடவில்லை. போய்விடுவார் என்று நினைத்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு, துணியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “அவன பாத்துக்க. நான் போயி பாத்தா கூட்டிக்கினு வந்துடுவேன்.”

நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டதற்குப் பதில் அதுதான். நான் ஒரு தடவைகூட எழுதவில்லை, ஏனென்றால் அதுவரை நான் கவனிக்கவே இல்லை. அந்த வார்த்தையை அவர் யாரிடம் சொன்னார்? துணிக்குள் இருந்தது அவரேதான். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அவர் போனதும் குப்பக்கா வந்தாள். கையை நுழைத்துத் துணிக்கு அடியில் பாதத்தைத் தேடினாள். முந்தைய வாரமே அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. இந்த முறை துணியை விலக்கிப் பார்த்தாள். மாமா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஏ ஜெகனு, வெளிய வா. ஒன் செருப்பு தெரியுது.”

போனேன். அறைந்தாள். மீன் கையால். காது இரண்டும் பாடியது.

“ஒன் மாமன் பூவத்தான் புடுங்கினான். நீ சாமியவே புடுங்கிட்ட. போன வாரம் நான் யாரு கால்ல பூ வெச்சேன்? இதுக்கா ஒன்ன முடிய புடிச்சி இழுத்துப் போட்டாரு எங்க வூட்டுக்காரரு?”

கொண்டுவந்த பூவை வைக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வரவே இல்லை. யோசித்துப் பார்த்தேன் மச்சான். மாமாவை மண்டியிட வைக்கிறேன் என்று கிளம்பி, மாமா படத்தை நான் கும்பிட வைத்த ஒரே ஆள் குப்பக்கா. அவளைச் சிலை வழிபாட்டுக்காரி என்று மாமா சொன்னது பொய். அதை உண்மையாக்கியது நான்.

இதையெல்லாம் உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. அதனால் ஜெயித்ததாக எழுதினேன். அதை நம்பி நீ உன் அப்பாவைப் பார்க்காமல் திருப்பி அனுப்புவாய் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் செவ்வாய். நேற்றுதான். பூக்கடையில் சரம் வாங்கிக்கொண்டு கெபிக்குப் போனேன். குப்பக்கா விட்ட வாரங்களை நானே போட்டுவிடலாம் என்று. ஓரக் கம்பியில் என் கை நுழையவில்லை, அவளுடையது மெலிந்த கை. சரி என்று கேட்மேல் ஏறினேன். உச்சியில் இருக்கும்போது கீழே மாமா.

“டேய்! இன்னாடா பண்ற?”

இறங்கினால் அடி விழும் என்று மேலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். மூழ்கியது, முடியைப் பிடித்து இழுத்தது, குப்பக்கா நேர்ந்துகொண்டது, ஊதாத் துணி, தலையணை, அறை. உன் பரண் ரகசியத்தை மட்டும் சொல்லவில்லை. நானே தேடி எடுத்ததாகச் சொன்னேன். அது ஒரு பொய், அது இருக்கட்டும்.

மாமா சாக்கடையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். “நீந்தினேன்னு சொன்னியேடா. பங்கு பூரா சொல்லிக்கினு கெடந்தனேடா. அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தம்மா கையில நான் கை வெச்சிருப்பனா?”

“நீங்க சொல்லிச் சொல்லி நான் பெரிய ஆளாயிட்டேன் மாமா. எறங்க மனசு வரல.”

“எறங்குடா மொதல்ல.”

இறங்கினேன். அடிக்கவில்லை. படியில் உட்கார்ந்தார். “நான் கம்பிகிட்ட பேசுனதும் காதுல வுழுந்துச்சா?” என்றார். ஆமாம் என்றேன். எழுந்தார். அப்புறம் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, பூட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, “அந்தம்மாவ வரச் சொல்லு” என்றார்.

சனிக்கிழமை உன்னிடம் வருகிறார். யாரும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை மச்சான், ஜுரம் என்று சொல்லாமல் வெளியே வா. வீட்டுக்கு வருகிறேன் என்று உனக்குச் சொல்லத் தோன்றினால் சொல்லிவிடு. அவர் பயப்படுவதே அதற்குத்தான்.

இன்று காலை தேவனாம்பட்டினம் போய்க் குப்பக்காவிடம் சொன்னேன். ஏலம் முடிந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“ஒங்க மாமன் தொறந்தா நான் ஓடியாரணுமா? எறிஞ்சவன் வந்து கூப்புடட்டும். அப்பறம் யோசிக்கறேன். நீ இன்னா நின்னுக்கினு? அந்தக் கெழங்கான எடுத்து செதிலு சீவு.”

ஊர் பார்க்க மாமாவை மண்டியிட வைக்கிறேன் என்று ஜனவரியில் உனக்கு எழுதியவன், வெயில் ஏறும்வரை ஊர் பார்க்கக் குந்தி உட்கார்ந்து கிழங்கான் சீவிக்கொண்டே கெஞ்சினேன். இன்னும் சரி என்று சொல்லவில்லை. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறாள், கத்தியை வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டுமாம்.

ஜெகன்